போராட்டப் பாடல்களை மாற்றிப் பாடுவது: யாருக்காக, எவ்வளவு தூரம்?

நெய்தல் எழுதியது:

போராட்டக் களத்தில் பிறந்த பாடல்களை மேடைக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டுவந்த கலைஞர்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம், "பாட்டின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று ஒரு தரப்பும், "அவர்கள் பாடியிராவிட்டால் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்" என்று மறு தரப்பும் சொல்ல, விவாதம் அத்தோடு நின்றுவிடுகிறது. ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அது கைமாறிய ஒவ்வோர் இடத்திலும் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று பார்த்தால் இந்த இரண்டு தீர்ப்புகளும் போதாது என்பது விளங்கும். நான் எடுத்துக்கொள்வது, 'நாம் வெல்வோம்' என்று பொருள்படும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பாடப்பட்ட 'வீ ஷால் ஓவர்கம்'.

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரில், அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் 1945 அக்டோபரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். குளிர்காலம் முழுவதும் ஆலை வாசலில் மறியல் நடந்தது. மாலையில் கலைந்து செல்லும் நேரத்தில் லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி, தேவாலயத்தில் பாடிப் பழகிய ஒரு பாட்டை மிக மெதுவாக, ஒவ்வோர் அசையையும் இழுத்துப் பாடுவார்; மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒற்றை ஆளின் ஆன்ம ஈடேற்றத்தைப் பற்றியதாக இருந்த பாட்டு, அந்த மறியல் வரிசையில் எல்லோருடைய வெற்றியையும் பற்றியதாயிற்று. பிலடெல்பியாவைச் சேர்ந்த மெதடிஸ்ட் போதகர் சார்ல்ஸ் ஆல்பர்ட் டிண்ட்லி 1901ஆம் ஆண்டளவில் வெளியிட்ட பக்திப் பாடல் ஒன்றின் கருத்தும், அடிமைக் காலத்திலிருந்து வந்த பாடல்களின் மெட்டும் அதில் கலந்திருப்பதாகச் சொல்வார்கள். ஆக, ஆலை வாசலில் பாடப்பட்டதே ஒரு மாற்று வடிவம்தான். ஏதோ ஒன்றை மூல வடிவம் என்று வேலி போட்டுக் காப்பாற்றுவதற்கு இங்கே இடமில்லை.

1946இல் அந்தத் தொழிலாளர்களில் சிலர் டென்னசி மலைப்பகுதியில் இருந்த ஹைலேண்டர் ஃபோக் ஸ்கூல் என்ற பயிற்சிப் பள்ளிக்குப் போனார்கள். தொழிற்சங்கத்தாருக்காக 1932இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் உணவருந்தியதற்காகவே அரசின் கண்ணை உறுத்திய இடம். அங்கே இசைப் பொறுப்பில் இருந்த சில்ஃபியா ஹார்ட்டன் பாட்டைக் கற்றுக்கொண்டு, அக்கார்டியன் வாசித்தபடி வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். அவரிடமிருந்து நாட்டுப்பாடல் கலைஞர் பீட் சீகர் 1947இல் கற்றார். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் வேகத்தைக் கூட்டினார், சரணங்களைச் சேர்த்தார், 1948இல் தம் குழுவின் இதழில் அச்சிட்டார். 1959இல் ஹைலேண்டரின் இசைப் பொறுப்புக்கு வந்த கய் கேரவன் அதற்குக் கித்தாரோடு ஒரு நடையைக் கொடுத்தார். 1960 ஏப்ரலில் ராலி நகரின் ஷா பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தவருக்கு இடம் தர மறுத்த உணவகங்களில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்த மாணவர்கள் ஒன்றுகூடியபோது கேரவன் அதைப் பாடினார். மாணவர்கள் எழுந்து கைகோத்து நின்று தாங்களும் பாடினார்கள். அங்கே உருவான மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவோடு பாட்டும் தெற்கெங்கும் பரவியது.

இதைப் படித்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். ஒரு கலைஞர் போராட்டப் பாட்டை மாற்றும்போது இருவேறு விதமாக விரிவு ஏற்படுகிறது. கேட்பவர்கள் பெருகுவது ஒன்று. பாடுபவர்கள் பெருகுவது மற்றொன்று. சீகரும் கேரவனும் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை: முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முதல்முறை கேட்டவுடனே சேர்ந்து பாடக்கூடியதாகச் செய்தார்கள். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் செய்யப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் முதல் வகை. பல்லைப் பிடுங்கும் வேலை முதல் வகையில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

தும்பை எழுதியது:

நான் படித்த பள்ளியில் இந்தப் பாட்டின் இந்தி வடிவத்தை, கிரிஜா குமார் மாத்தூர் எழுதிய 'ஹம் ஹோங்கே காமியாப்' பாட்டை, காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையாக நின்று பாடுவோம். வாயில் இந்தி நுழையாத பிள்ளைகள்கூட மெட்டை வைத்துப் பாடிவிடுவார்கள். ஆனால் அது ஒரு வேலைநிறுத்தப் பாட்டு என்றோ, அதைப் பாடிக்கொண்டே மக்கள் சிறைக்குப் போனார்கள் என்றோ எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. தேர்வில் வெற்றி பெறுவோம், நாடு முன்னேறும் என்ற பொருளில்தான் நாங்கள் புரிந்துகொண்டோம்.

நெய்தல் சொல்லும் கணக்கில் பார்த்தால் இது பாடுபவர்கள் பெருகிய வகை. உலகில் வேறு எங்கும் இத்தனை பேர் ஒரே நேரத்தில் அதைப் பாடியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பல் இல்லை. 1983இல் வந்த 'ஜானே பீ தோ யாரோ' என்ற இந்திப் படத்தின் முடிவில், குற்றமற்ற இருவர் கைதி உடையில் வரும்போது இதே பாட்டு பின்னணியில் ஒலிக்கும். பார்ப்பவர் நெஞ்சு கனத்துப் போகும். பள்ளிக்கூடம் எடுத்துவிட்ட கோபத்தை அந்தப் படம் திருப்பி வைத்தது என்றே நான் நினைக்கிறேன். ஆகவே எத்தனை பேர் பாடுகிறார்கள் என்பது போதாது. எந்த நிலையில் நின்று பாடுகிறார்கள் என்பதும் வேண்டும்.

ஏழிசை எழுதியது:

இசை கற்றவன் என்ற முறையில், 'மாற்றம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மாற்றங்கள் என்னென்ன என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

லூசில் சிம்மன்ஸ் பாடியது கறுப்பினத் தேவாலயங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் இழுவைப் பாணியைச் சேர்ந்தது. அதில் கைதட்டி எண்ணக்கூடிய தாளம் கிடையாது. எடுத்துக் கொடுப்பவர் மூச்சு விடும் இடத்தில் கூட்டமும் மூச்சு விடும். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய சுரத்தில் சேர்வார்கள். அந்தச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாக வரும். வெளியாளுக்கு எங்கே நுழைவது என்றே தெரியாது. சீகர் பாஞ்சோவில் கணக்கான தாளத்தைக் கொடுத்து வேகத்தைக் கூட்டினார். வெளியாளுக்கு வழி கிடைத்தது. ஆனால் அந்த வடிவம் பாட்டைப் பெரிதாகப் பரப்பவில்லை. பரவியது கேரவனும் ஃபிராங்க் ஹாமில்டன் என்ற மற்றொரு நாட்டுப்பாடல் கலைஞரும் கொடுத்த நடையில்தான். வேகத்தைக் குறைத்து, நான்கு அடிகளில் ஒவ்வொன்றையும் மும்மூன்றாகப் பிரித்தார்கள். நம் முறைப்படி சொன்னால் மெதுவான காலப்பிரமாணத்தில் திஸ்ர நடை. நின்ற இடத்தில் கைகோத்து இடமும் வலமுமாக அசைவதற்கு அதைவிடப் பொருத்தமான நடை இல்லை. கைகோத்து அசையும் வழக்கமும் இந்த நடையும் சேர்ந்தே வளர்ந்தன.

இனி, நெய்தல் சொல்லாமல் விட்ட ஒரு கட்டம் உண்டு. 1961இன் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில், இன ஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்தில் கைதுகள் நூற்றுக்கணக்கில் நடந்தபோது, கூட்டங்கள் நடந்த தேவாலயங்களில் இந்தப் பாட்டைப் பாடியவர்கள் கித்தாரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். ஆல்பனிக்காரரான பெர்னிஸ் ஜான்சன் ரீகன், அப்போது கல்லூரி மாணவி. போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர். அவரும் அவருடன் பாடியவர்களும் வரிகளுக்கு இடையே இருந்த வெற்றிடங்களைக் குரலால் நிரப்பினார்கள். கீழ்ச்சுரமும் மேற்சுரமும் சேர்த்தார்கள். ஒரு வரி முடிவதற்குள் எடுத்துக் கொடுப்பவர் அடுத்ததை அறிவிக்கும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெளியாருக்காக எளிமையாக்கப்பட்ட பாட்டை அதன் வீட்டார் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் அடர்த்தியாக்கினார்கள். மாற்றம் ஒரே திசையில், களத்திலிருந்து மேடைக்கு மட்டுமே போகிறது என்று எண்ணிக்கொண்டு வாதாடுவது இந்தக் கட்டத்தைப் பார்க்காததால் வருவது. எளிமைப்படுத்தப்பட்ட வடிவம் நடுவில் இருந்திராவிட்டால் ஆல்பனிக்கு இந்தப் பாட்டு போராட்டப் பாட்டாக வந்தே சேர்ந்திருக்காது.

தும்பை அவர்களுக்கு ஒன்று: பள்ளியில் உங்களை யாரும் புதிய வரி சேர்க்க விடவில்லை அல்லவா? பாட்டு மூடிவிட்டதன் அடையாளம் அதுதான் என்பேன்.

வடகரை எழுதியது:

தாளம், நடை எல்லாம் சரி. பணம் யாருக்குப் போனது என்பதை யாரும் இதுவரை பேசவில்லை.

1960இலும் 1963இலும் இந்தப் பாட்டுக்குக் காப்புரிமை பதிவு செய்யப்பட்டது. லட்லோ மியூசிக் என்ற பதிப்பகத்தின் கீழ், உரிமையாளர்களாகச் சில்ஃபியா ஹார்ட்டன், ஃபிராங்க் ஹாமில்டன், கய் கேரவன், பீட் சீகர் ஆகிய நால்வரின் பெயர்கள் இடம்பெற்றன. நால்வரும் வெள்ளையர். மறியலில் பாடிய லூசில் சிம்மன்ஸின் பெயர் அதில் இல்லை. சுருட்டு ஆலைத் தொழிற்சங்கத்தின் பெயரும் இல்லை. வேறு யாரேனும் வணிகர் பதிவு செய்து பறித்துவிடக் கூடாது என்பதற்காகவே பதிவு செய்தோம் என்று சீகர் விளக்கினார். கிடைத்த பணம் ஹைலேண்டர் வழியாக ஒரு நிதியாக்கப்பட்டு, தெற்கிலுள்ள கறுப்பினச் சமூகங்களின் பண்பாட்டுப் பணிகளுக்கும் உரிமைப் பணிகளுக்கும் நல்கையாக வழங்கப்பட்டது. அதை நான் மதிக்கிறேன். அவர்கள் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பணத்தை நேர்மையாகக் கையாள்வது வேறு, பெயரைச் சரியாக எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்ய அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

முடிவில் நீதிமன்றம்தான் தீர்த்தது. 2016இல் நியூயார்க்கில் தொடரப்பட்ட வழக்கில், முதல் சரணத்தில் ஒரு சொல்லை மாற்றி அதற்கு நிகரான மற்றொரு சொல்லை வைத்தது போன்றவை புதிய படைப்பு என்று சொல்லும் அளவுக்குத் தனித்தன்மை கொண்டவை அல்ல என்று நீதிபதி டெனிஸ் கோட் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். 2018 ஜனவரியில் ஏற்பட்ட சமரசத்தோடு பாட்டு பொதுச் சொத்தாயிற்று. மாற்றிப் பாடுகிற கலைஞர்கள் எல்லோரும் இந்தத் தீர்ப்பை மனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்: ஊரார் பாட்டில் நீங்கள் செய்த மாற்றம் எவ்வளவு பரவினாலும், அந்த அளவுக்குப் பாட்டு உங்களுடையது ஆகிவிடாது.

கருவேலம் எழுதியது:

இங்கே எல்லோரும் பாட்டு பரவியதை ஒரு நன்மையாக எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். அன்றைக்கே அதை மறுத்தவர்கள் இருந்தார்கள். 1964 ஏப்ரலில் பேசிய கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், பாடுவதை நிறுத்திவிட்டுத் திருப்பி அடிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்ற பொருளில், இந்தப் பாட்டைப் பெயர் சொல்லியே சாடினார். வன்முறை பற்றிய அவர் கருத்தை ஏற்காதவர்களும் அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உரிமை கேட்டு வாஷிங்டனில் திரண்ட இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில் பாடகி ஜோன் பயேஸ் அதைப் பாடினார். மூன்று வாரம் கூட ஆகவில்லை, பர்மிங்ஹாமில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். பாட்டு இதமளிக்கிறது. இதம் கிடைத்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அதன்பின் 1965 மார்ச் 15 அன்று, அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகப் போன ஊர்வலம் பாலத்தில் அடித்து நொறுக்கப்பட்ட எட்டாம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் நின்று அந்தப் பாட்டின் பல்லவியைத் தம் உரையில் சொன்னார். எதிர்த்துப் பாடப்பட்ட அரசே பாட்டைச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு யாரை எதிர்ப்பது? மறுவாக்கம் செய்து, மென்மையாக்கி, எல்லோருக்கும் உரியதாக ஆக்கியதன் கடைசிப் படி இதுதான்.

நெய்தல் எழுதியது:

கருவேலம் அவர்களின் கேள்வி கனமானது. அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். ஜான்சன் அந்த உரையை ஆற்றியது வாக்குரிமைச் சட்டத்தை முன்வைப்பதற்காக; அந்தச் சட்டம் அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தானது. அவர் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்தபோது பாட்டை மேலிருப்பவர்கள் அபகரித்ததாகவும் கொள்ளலாம், கீழிருப்பவர்கள் அவரைச் சொல்லவைத்ததாகவும் கொள்ளலாம். செல்மாவில் அடிபட்டவர்களில் பலர் இரண்டாவதாகவே எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வரி குடியரசுத் தலைவரின் காதில் விழுந்ததற்கு, மேடைகளும் வானொலியும் தொலைக்காட்சியும் அதை ஏற்கெனவே நாடெங்கும் கொண்டுசேர்த்திருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

"இதம் கிடைத்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்" என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை முன்வைக்கிறேன். 1959 ஜூலை 31 இரவு, ஹைலேண்டர் பள்ளிக்குள் காவல் துறையினர் நுழைந்தார்கள். மாண்ட்கோமரி நகரிலிருந்து வந்திருந்த பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டன. கைவிளக்குகளோடு காவலர்கள் பெட்டி படுக்கைகளைக் கிளறிக்கொண்டிருக்க, பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் பாடினார்கள். அவர்களில் 14 வயதான ஜமீலா ஜோன்ஸ் அந்த நேரத்தில், 'நாங்கள் அஞ்சவில்லை' என்ற வரியை அதே மெட்டில் எடுத்துப் பாட, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். இவ்வளவு சத்தமாகப் பாடத்தான் வேண்டுமா என்று ஒரு காவலர் கேட்டதாகவும், அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்ததாகவும் ஜமீலா பின்னாளில் நேர்காணலில் சொல்லியிருக்கிறார்.

இன்று உலகம் பாடும் வடிவத்தில் அந்த வரி இருக்கிறது. அதை எந்தத் தொழில்முறைக் கலைஞரும் எழுதவில்லை. பாட்டின் கட்டமைப்பு அப்படி ஆகியிருந்தது: ஒரே ஒரு வரியைக் கண்டுபிடித்தால் போதும், ஒரு முழுச் சரணம் கிடைத்துவிடும். எளிமையாக்கியதால் வலிமை போனது என்று சொல்பவர்கள், அந்த எளிமைதான் ஒரு சிறுமி இருட்டில் சரணம் கட்டுவதற்கு இடம் விட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழிசை அவர்கள் 'பாட்டு மூடிவிட்டதன் அடையாளம்' என்று சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோலுக்கு அது இன்னும் நெருக்கமானது.

செம்பருத்தி எழுதியது:

இந்த அளவுகோலுக்குள் அடங்காத ஒரு பாட்டு இருக்கிறது. 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' ('விசித்திரக் கனி'). நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த ஏபல் மீரோபோல், கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லும் கொடுமையைப் பற்றி முதலில் கவிதையாக எழுதி 1937இல் வெளியிட்டார். மெட்டும் அவரே அமைத்தார். தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடப்பட்டு வந்த அதை 1939இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே எடுத்துக்கொண்டு, கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியின் மேடைக்குக் கொண்டுபோனார். மது அருந்த வந்தவர்கள் முன்னால் பாடப்பட்டது. நெய்தல் பிரித்தபடி பார்த்தால் இது முழுக்க முழுக்கக் கேட்பவர்களைப் பெருக்கிய மறுவாக்கம். யாரும் சேர்ந்து பாட முடியாது. புது வரி சேர்க்க முடியாது.

ஆனால் அது எப்படிப் பாடப்பட்டது என்று பாருங்கள். நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டாக வைத்தார்கள். பரிமாறுபவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். அறை இருளாகும், பாடகியின் முகத்தில் மட்டும் ஒளி விழும். பாடி முடித்ததும் ஒளியும் அணையும். மறுபடி வெளிச்சம் வரும்போது மேடை காலியாக இருக்கும். கைதட்டினாலும் திரும்ப வர மாட்டார். வசதியாக உட்கார்ந்து கேட்கும் வழியை அந்த ஏற்பாடு அடைத்துவிட்டது. அவருடன் ஒப்பந்தம் வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் பதிவு செய்ய மறுத்ததால் கொமடோர் என்ற சிறு நிறுவனத்தில் பதிவு செய்தார்; அது பரவலாக விற்றது. இங்கே பல் பிடுங்கப்படவில்லை, கூர்மையாக்கப்பட்டது. தொழில்முறைக் கலைஞர் ஒருவரின் மேடைத் திறமைதான் அதைச் செய்தது. கூட்டாகப் பாடுவதை மட்டுமே உயர்த்திப் பிடித்தால் பில்லி ஹாலிடேயை எங்கே வைப்பீர்கள்?

ஏழிசை எழுதியது:

செம்பருத்தி அவர்கள் சொல்வதை முழுதும் ஏற்கிறேன், அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாடுபவர்களுக்காகச் செய்யப்படும் மாற்றத்தையும் கேட்பவர்களுக்காகச் செய்யப்படும் மாற்றத்தையும் உயர்வு தாழ்வாக வைக்க வேண்டியதில்லை. யாரைக் கேட்கவைக்கிறோம் என்பதுதான் வேறுபாடு. துன்பத்தில் நிற்பவர்களுக்குக் கூட்டாகப் பாடும் பாட்டு வேண்டும். துன்பத்துக்குக் காரணமான ஏற்பாட்டில் வசதியாக வாழ்பவர்களுக்குத் தப்ப முடியாதபடி கேட்கும் பாட்டு வேண்டும். ரீகனும் மூன்று தோழர்களும் 1962இல் ஃபிரீடம் சிங்கர்ஸ் என்ற குழுவாகி, வாத்தியம் எதுவும் இல்லாமல், காரில் ஊர் ஊராகப் போய் வடக்கத்திக் கல்லூரிகளில் பாடினார்கள். அவர்கள் இரண்டையும் ஒரே மேடையில் செய்தார்கள்: சிறை அனுபவத்தைச் சொல்லிக் கேட்கவைத்தார்கள், இறுதியில் எழுந்து நின்று பாடவைத்தார்கள், மாணவர் குழுவுக்கு நிதியும் திரட்டினார்கள்.

இளவேனில் எழுதியது:

'பெல்லா சாவ்' பற்றி யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இத்தாலியில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட்டவர்களின் பாட்டு என்று அறியப்படுவது. போர்க்காலத்தில் அது அவ்வளவு பரவலாகப் பாடப்படவில்லை என்றும், 1960களில் நாட்டுப்பாடல் கலைஞர்கள் மேடையேற்றிய பிறகே நாடெங்கும் நிலைத்தது என்றும் ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். 2017இல் வெளியான ஸ்பானியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று அதைக் கொள்ளையர்களின் பாட்டாக்கியது. அடுத்த கோடையில் ஐரோப்பாவின் நடனக் கூடங்களில் அதன் மறுகலவைகள் ஒலித்தன. நட்டநடு இரவில் நீச்சல் குளத்தைச் சுற்றி ஆடுபவர்களுக்கு அது யாருடைய கல்லறையைப் பற்றிய பாட்டு என்பது தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. இதைவிட மோசமாக ஒரு பாட்டு வெறுமையாக முடியாது என்று அப்போது கொதித்தவர்களில் நானும் ஒருவர்.

ஆனால் 2020இன் இறுதியில் தில்லி எல்லையில் விவசாயிகள் கூடாரமிட்டு அமர்ந்திருந்தபோது, பூஜன் சாஹில் என்ற கலைஞர் அதே மெட்டில், வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறச் சொல்லும் வரிகளை அமைத்துப் பாடினார். காணொளி நாடெங்கும் சுற்றியது. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மெட்டு அறிமுகமாகியிருந்தது கொள்ளையர் தொடரின் வழியாகத்தான். வெறுமையாக்கப்பட்ட மெட்டு என்று நான் நினைத்தது, இங்கே வந்தபோது ஏற்கெனவே எல்லோர் காதிலும் இருந்த மெட்டு என்ற உதவியைச் செய்தது. இதைச் சொல்வதால் நடனக் கூடத்தை நியாயப்படுத்தவில்லை. மெட்டுக்கு இருக்கும் உயிர், சொற்களுக்கு இருக்கும் உயிரைவிட நீண்டது என்பதைச் சொல்கிறேன்.

வடகரை எழுதியது:

மெட்டு பிழைக்கும், சரி. வரிகளை வெட்டுவதைப் பற்றியும் பேசிவிடுவோம், ஏனென்றால் பெரிய அவைக்காகச் செய்யப்படும் மாற்றங்களில் மிகக் கெட்டது அதுவே. நாட்டுப்பாடல் கலைஞர் வூடி கத்ரி 1940 பிப்ரவரியில் நியூயார்க்கில் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' ('இந்த நிலம் உன் நிலம்') பாட்டில், தனியார் சொத்து என்று பலகை நட்டுத் தடுத்த வேலியைப் பற்றி ஒரு சரணமும், நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்கும் மக்களைப் பற்றி ஒரு சரணமும் உண்டு. பள்ளிகளுக்குப் போன பாட்டில் அவை இல்லை. மலையும் காடும் மட்டுமே மிஞ்சின. நாட்டைப் பார்த்துக் கேள்வி கேட்ட பாட்டு நாட்டைப் புகழும் பாட்டாகிவிட்டது. தும்பையின் காலை வணக்கக் கூட்டத்துக்கு நேர்ந்ததும் இதுதான்.

2009 ஜனவரி 18 அன்று, ஒபாமா பதவியேற்புக்கு முன் லிங்கன் நினைவிடத்தில் நடந்த நிகழ்ச்சியில், 89 வயதான பீட் சீகர், தம் பேரனுடனும் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடனும் நின்று அந்தப் பாட்டைப் பாடினார். விட்டுப்போன சரணங்களையும் சேர்த்தே பாடினார்கள். சீகர் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்க, திரண்டிருந்த கூட்டம் திரும்பப் பாடியது. அவ்வளவு பெரிய அவையில், அவ்வளவு பெரிய நட்சத்திரத்தை அருகில் வைத்துக்கொண்டு, வெட்டியதை ஒட்டவைக்க முடியும் என்று அவர் காட்டினார். இதனால்தான் காப்புரிமை விஷயத்தில் சீகர்மீது எனக்குக் குறை இருந்தாலும் அவரைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அவை பெரிதாவதால் வரிகள் குறையத்தான் வேண்டும் என்று சொல்லும் கலைஞர்களிடம் அந்தக் காணொளியைக் காட்ட வேண்டும்.

மணற்கேணி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் ஊரில் தூய்மைப் பணியாளர் சங்கத்தின் மே நாள் கூட்டத்தில் 'வீ ஷால் ஓவர்கம்' மெட்டில் தமிழ்ச் சொற்களை வைத்துப் பாட எங்கள் கலைக்குழு நினைத்திருக்கிறது. குழுவில் கித்தார், கீபோர்டு, கஹோன் (கையால் தட்டும் பெட்டி வடிவத் தாளக் கருவி) வாசிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அழகாக ஏற்பாடு செய்து பாடலாம் என்கிறார்கள். எதிரே அமர்ந்திருக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதிகாலை நான்கு மணிக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள். எப்படிச் செய்வது நல்லது?

நெய்தல் எழுதியது:

சொற்களை நீங்களே முழுதாக எழுதி முடித்துவிடாதீர்கள். முதல் சரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னதாகவே சங்கத்துப் பெண்களில் சிலரோடு உட்காருங்கள். நிலுவைச் சம்பளமோ, கையுறையோ, ஒப்பந்தக்காரரோ, அவர்கள் வாயில் அடிக்கடி வருவது எதுவோ அது ஒரே வரியாக மெட்டில் உட்காரும். சார்ல்ஸ்டனில் மறியலில் நின்ற பெண்களைப் பற்றியும், பாட்டு அவர்களிடமிருந்து வந்தது என்பதையும் பாடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். லூசில் சிம்மன்ஸ் என்ற பெயரைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஏழிசை எழுதியது:

கீபோர்டு வேண்டாம். கித்தார் வாசிப்பவர் இருக்கட்டும். ஆனால் சுருதிக்கும் நடைக்கும் மட்டும், இடையிசை எதுவும் வாசிக்காமல். கஹோன் வாசிப்பவர் அதை வைத்துவிட்டுக் கைதட்டலாம். பெண்கள் பாடுவதால் சுருதியைத் தாழ்த்திப் பிடியுங்கள். பயிற்சி இல்லாத குரல் மேலே ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால் அதன்பின் வாய் திறக்காது. திஸ்ர நடையில், நடந்து போகும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக எடுங்கள். ஒருவர் வரியைச் சொல்ல, மற்ற எல்லோரும் திரும்பப் பாடட்டும். அந்த ஒருவர் சங்கத்தைச் சேர்ந்தவராக இருந்தால் மிக நல்லது. ஒலிவாங்கியை அவருக்கு மட்டும் வையுங்கள். உங்கள் குழுவினருக்கும் ஆளுக்கொன்று வைத்தால் பாட்டு ஒலிபெருக்கியிலிருந்தே முழுதாக வந்துவிடும்; எதிரே இருப்பவர்கள் கேட்டுவிட்டுக் கைதட்டுவார்கள். குழுவினர் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் ஆங்காங்கே உட்கார்ந்து பாடட்டும்.